எவ்வளவு ஸ்டோரேஜ் வேண்டும்? துறைக்குத் துறை நான் கணக்குப் போடும் விதம்

நிறுவனங்களுக்கு ஸ்டோரேஜ் திட்டமிட்டுக் கொடுப்பது என் வேலை. 16 வருடமாக இதைத்தான் செய்கிறேன். முதல் சந்திப்பில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "எத்தனை டெராபைட் வாங்கணும்?" (ஒரு டெராபைட் என்றால் 1,000 ஜி.பி.) அதற்கு உடனே பதில் சொல்ல மாட்டேன். திருப்பி ஒன்று கேட்பேன்: "இங்கே ஒரு ஃபைலை அழிக்கலாம்னு யார் சொல்ல முடியும்?"

பெரும்பாலும் அறையில் இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். யாரும் வாய் திறக்காவிட்டால், அந்த நிறுவனத்துக்கு எவ்வளவு வாங்கினாலும் போதாது என்று புரிந்துவிடும்.

உலகத்தில் டேட்டா பெருகுகிறது என்று சொல்லும்போது எல்லோரும் எடுத்துக்காட்டும் எண் ஒன்று உண்டு. 2025இல் ஒரே ஆண்டில் உருவாகும் டேட்டா 175 செட்டாபைட்டைத் தொடும் என்று ஐ.டி.சி. ஆய்வு நிறுவனம் 2018இல் கணித்தது. ஒரு செட்டாபைட் என்றால் ஒரு லட்சம் கோடி ஜி.பி. கேட்டால் தலை சுற்றும். ஆனால் அது பிறக்கும் டேட்டாவின் அளவு. அதில் மிகச் சிறிய பங்குதான் டிஸ்க்கில் தங்குகிறது. நாம் பணம் கொடுப்பது தங்கும் டேட்டாவுக்கு. எது தங்குகிறது, எத்தனை நாள், எத்தனை பிரதி என்பதில்தான் ஒரு துறைக்கும் இன்னொரு துறைக்கும் உள்ள வித்தியாசம் எல்லாம் இருக்கிறது.

அதனால் என் சூத்திரம் மிக எளியது. ஒரு நாளில் சேரும் அளவு × வைத்திருக்கும் நாட்கள் × பிரதிகள். பெருக்குவதற்கு ஒரு நிமிடம் போதும். மூன்று எண்களையும் சரியாகப் பிடிப்பதற்குத்தான் வாரக்கணக்கில் ஆகும்.

முதலில் கேமராவை வைத்துப் பழகுங்கள்

கணக்குக் கற்றுக்கொள்ளக் கண்காணிப்புக் கேமராதான் நல்ல இடம். ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டால் வகுத்தால் நொடிக்கு அரை மெகாபைட். ஒரு நாளுக்கு 86,400 நொடி. ஆக 43.2 ஜி.பி. முப்பது நாளுக்கு 1.3 டெராபைட். 200 கேமரா என்றால் 260 டெராபைட். நிர்வாகம் "முப்பது வேண்டாம், தொண்ணூறு நாள் வைப்போம்" என்று ஒரே வரியில் முடிவெடுத்தால் அது 780 ஆகிவிடும். ஒரு கேமராகூடக் கூடவில்லை; நாட்கள் மட்டும்தான் கூடின.

இந்தக் கணக்கில் நான் ஒருமுறை பெரிய தவறு செய்திருக்கிறேன். ஒரு கிடங்கு. கேமராக்களை மாட்டி முடித்த அன்று பகலிலேயே பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு எவ்வளவு டேட்டா வருகிறது என்பதை, அளந்து, அதை வைத்து முப்பது நாளுக்கு டிஸ்க் போட்டுக் கொடுத்தேன். சில மாதம் கழித்து ஒரு போன் வந்தது. இருபத்து மூன்று நாளுக்கு முன் ஒரு லாரியில் சரக்கு குறைந்திருக்கிறது, அன்றைய பதிவு வேண்டும் என்றார்கள். போய்ப் பார்த்தால் இருபது நாளுக்கு முந்தைய பதிவு எதுவுமே இல்லை. இடம் நிறைந்து, பழையதன் மேலேயே எழுதிக்கொண்டு வந்திருக்கிறது.

அன்று ராத்திரி அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு கேமராவாகப் பார்த்தேன். இருட்டியதும் அகச்சிவப்பு விளக்கு எரிகிறது. அதைச் சுற்றிப் பூச்சி மொய்க்கிறது. லென்ஸுக்குக் குறுக்கே ஒரு சிலந்தி வலை காற்றில் ஆடிக்கொண்டே இருக்கிறது. வெளிச்சம் குறைவு என்பதால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இரைச்சல். வீடியோவைச் சுருக்கும் முறைக்கு அசையாத படம்தான் பிடிக்கும். எதுவும் அசையாத சுவரை ஒன்றுமில்லாமல் சுருக்கிவிடும். இங்கே அதன் கண்ணுக்கு எல்லாமே அசைகிறது. ஆளே இல்லாத ராத்திரியில் பகலைப் போல இரண்டு மடங்கு டேட்டா வந்துகொண்டிருந்தது. இரவும் பகலும் சேர்த்துப் பார்த்தால் ஒன்றரை மடங்கு. முப்பது நாள் இருபது நாளானது இப்படித்தான். அந்த ஓட்டுநர் மேல் தப்பா இல்லையா என்று சொல்ல அந்தப் பதிவு மட்டும்தான் சாட்சி. அதை என் கணக்கு அழித்துவிட்டது. இன்றுவரை அது எனக்கு உறுத்தல்தான்.

அன்றிலிருந்து ஏழு முழு நாட்கள், ராத்திரியையும் சேர்த்து அளக்காமல் நான் எந்த எண்ணையும் தாளில் எழுதுவதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள். எச்.265 என்ற புதிய வீடியோச் சுருக்க முறைக்கு மாறினால் ஏறத்தாழ பாதி மிச்சமாகும் என்பார்கள். அது உண்மைதான், ஆனால் அதையும் உங்கள் கேமராவில், உங்கள் இருட்டில் அளந்துவிட்டு நம்புங்கள்.

மருத்துவமனை: சாகாத டேட்டா

கேமரா பதிவுக்குச் சாகும் தேதி உண்டு. மருத்துவமனைப் படத்துக்கு அது கிடையாது, இருந்தாலும் மிகத் தொலைவில் இருக்கிறது. குழந்தைகளின் பதிவுகளை அவர்கள் பெரியவர்களாகும் வரை வைத்திருக்க வேண்டும் என்பது பல நாடுகளில் விதி. விதி அனுமதித்தாலும் அழிக்கச் சொல்ல எந்த மருத்துவருக்கும் மனம் வராது. எனக்கு அதில் குறையே இல்லை. பத்து வருடத்துக்கு முந்தைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "இந்தக் கட்டி அப்போதிலிருந்தே இப்படியேதான் இருக்கிறது, பயப்பட வேண்டாம்" என்று சொல்ல முடிகிறதே, அதற்குத்தான் இந்த டிஸ்க்கெல்லாம்.

சி.டி. ஸ்கேனில் ஒரு வெட்டுப் படம் 512க்கு 512 பிக்சல். ஒவ்வொன்றுக்கும் 2 பைட். அரை மெகாபைட். நெஞ்சின் உயரம் 30 செ.மீ. என்று எடுத்துக்கொண்டால், 5 மி.மீ. தடிமனில் வெட்டினால் 60 படம், மொத்தம் 30 மெகாபைட். புதிய இயந்திரம் 1 மி.மீ. தடிமனில் வெட்டுகிறது. 300 படம், 150 மெகாபைட். அதே நோயாளி, அதே நெஞ்சு, ஐந்து மடங்கு. நோயாளிகள் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வளர்ச்சியைக் கணிப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

நோய்க்குறியியல் பிரிவு இதைவிடப் பெரிது. திசுவைத் தடவிய கண்ணாடித் தகட்டை இப்போது மைக்ரோஸ்கோப்புக்குப் பதில் ஸ்கேனரில் வைக்கிறார்கள். ஒரு பிக்சலுக்குக் கால் மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 4,000 பிக்சல். நகத்தளவுத் திசு, 15 மி.மீ.க்கு 15 மி.மீ. என்றால் 60,000க்கு 60,000. மொத்தம் 360 கோடி பிக்சல். நிறத்துக்கு மூன்று பைட் சேர்த்தால் 10.8 ஜி.பி. சுருக்கிய பிறகும் ஒரு தகடு ஒரு ஜி.பி. அளவுக்கு நிற்கும். நாளுக்கு 500 தகடு பார்க்கும் ஆய்வகம் தினமும் அரை டெராபைட் உருவாக்குகிறது.

ஒரு மருத்துவமனையில் மூன்று வருடத்துக்கு என்று நாங்கள் போட்ட சேமிப்பகம் ஐந்தே மாதத்தில் நிறைந்துவிட்டது. இத்தனைக்கும் எங்கள் கணக்கில் பிழை இல்லை. இடையில் அப்படி ஒரு ஸ்கேனர் வந்து இறங்கியிருந்தது. அதை வாங்கிய பிரிவு கணினிப் பிரிவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்களைப் பொறுத்தவரை அது ஒரு மைக்ரோஸ்கோப்.

ஆகவே ஸ்டோரேஜ் கணக்கெடுக்கப் போகும்போது சர்வர் அறைக்கு முன்னால் கொள்முதல் பிரிவுக்குப் போங்கள். அடுத்த வருடம் என்ன இயந்திரம் வாங்க டெண்டர் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பழைய வளர்ச்சி வரைபடம் போன வருடத்தைத்தான் சொல்லும். டெண்டர் தாள் வரப்போவதைச் சொல்லும்.

இன்னொன்று. மருத்துவப் படங்கள் முதல் சில வாரம் அடிக்கடி திறக்கப்படும். அப்புறம் வருடக்கணக்கில் தூங்கும். ஆனால் மருத்துவர் கேட்கும்போது ஒரு நிமிடம்கூடக் காத்திருக்க முடியாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது: நாளைய முன்பதிவுப் பட்டியலை இன்று ராத்திரியே படித்து, அந்த நோயாளிகளின் பழைய படங்களை மட்டும் மெதுவான சேமிப்பு அடுக்கிலிருந்து வேகமான அடுக்குக்குக் கொண்டுவந்து வைத்துவிடலாம். அவசரப் பிரிவு மட்டும் பட்டியல் பார்த்து வராது. அதற்குத் தனியாக யோசிக்க வேண்டும்.

இடையில் பிறக்கும் ஃபைல்களை மறக்காதீர்கள்

மரபணு ஆய்வகத்தில் இதை நன்றாகப் பார்க்கலாம். மனித மரபணுத் தொகுதி சுமார் 300 கோடி எழுத்து. பிழை நீங்க ஒவ்வோர் இடத்தையும் சராசரியாக 30 தடவை படிக்கிறார்கள். 9,000 கோடி எழுத்து. ஒவ்வோர் எழுத்துக்கும் அது எவ்வளவு நம்பகமானது என்று ஒரு மதிப்பெண்ணும் சேரும். சுருக்குவதற்கு முன் ஒரு மனிதருக்கு 180 ஜி.பி.க்குக் குறையாது. அதை ஒழுங்குபடுத்தி அடுக்கிய ஃபைல் ஒன்று, வரிசைப்படுத்தியது ஒன்று, ஒரே துண்டு இரண்டு தடவை வந்த இடங்களை அடையாளமிட்டது ஒன்று என்று இடையில் பிறப்பவை தனி. கடைசியில் மருத்துவர் கேட்பது, இந்த மனிதர் மற்றவர்களிடமிருந்து எங்கெங்கே வேறுபடுகிறார் என்ற பட்டியல். அது சுருக்கினால் ஒரு ஜி.பி. அளவே வரும்.

அப்படியென்றால் எதை வைப்பது? ஆய்வாளர்களிடம் இப்படிக் கேளுங்கள்: "இதை மறுபடி உருவாக்க எத்தனை மணி நேரம் ஆகும்? உருவாக்கத் தேவையானது இன்னும் கையில் இருக்கிறதா?" மூல ஃபைல் பத்திரமாக இருந்தால் இடைநிலை ஃபைல்களுக்கு இரண்டு வாரம் ஆயுள் போதும். ரத்த மாதிரியே உறைபெட்டியில் இருந்தால், மூல ஃபைலை வைத்திருப்பதா அல்லது வேண்டும்போது மறுபடி படிப்பதா, எது மலிவு என்றுகூடக் கேட்கலாம். கேட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை, கேளுங்கள்.

படத்தொகுப்பு நிலையங்களிலும் இதே கதைதான். தொகுப்புக்குப் பயன்படும் தரமான 4கே வடிவம் நொடிக்கு 700 மெகாபிட் போகும். மணிக்கு 315 ஜி.பி. வெளியே போவது இரண்டு மணி நேரப் படம், எடுத்தது நூறு மணி நேரமாக இருக்கும். எடுத்ததை யாரும் தூக்கிப் போட மாட்டார்கள். இங்கே அளவைவிட வேகம்தான் முதலில் கையைக் கடிக்கும்: ஐந்து தொகுப்பாளர்கள் ஒரே நேரத்தில் ஓட்டினால் நொடிக்கு 440 மெகாபைட் தடங்கல் இல்லாமல் வந்தாக வேண்டும்.

தூக்கிப் போடத் தெரிந்தவர்கள்

தானோட்டிக் காரில் எட்டுக் கேமரா. ஒவ்வொன்றும் 1920க்கு 1080 பிக்சல், நொடிக்கு 30 படம், சுருக்காத வடிவம், பிக்சலுக்கு ஒன்றரை பைட். கணக்குப் போட்டால் நொடிக்கு 746 மெகாபைட், மணிக்கு 2.7 டெராபைட். லிடார் (லேசரால் தூரம் அளக்கும் கருவி), ரேடார் இன்னும் சேரவில்லை. இதை முழுக்கச் சேமித்து யாருக்கும் கட்டுப்படியாகாது. திடீர் பிரேக், ஓட்டுநர் கைவைத்த தருணம், இயந்திரம் குழம்பிய இடம் இவற்றின் முன்னும் பின்னும் சில நொடிகளை எடுத்துக்கொண்டு மற்றதை விடுவதுதான் வழி.

இந்தக் கலையில் இயற்பியலாளர்களை நான் மனதாரக் கும்பிடுகிறேன். செர்ன் இயற்பியல் ஆய்வகத்தின் பெரிய துகள் மோதுவியில் துகள் கற்றைகள் நொடிக்கு 4 கோடி தடவை குறுக்கிடுகின்றன. அவற்றில் சில ஆயிரத்தை மட்டும் அங்கேயே தேர்ந்தெடுத்து வைக்கிறார்கள். மீதி அந்த நொடியிலேயே போய்விடும். அவ்வளவு தூக்கிப் போட்ட பிறகும் 2023இல் அவர்களின் டிஸ்க் கொள்ளளவு ஓர் எக்ஸாபைட்டைத் தாண்டியது. அதாவது பத்து லட்சம் டெராபைட்.

வானியலாளர்களால் அப்படி விட முடியாது. சிலியில் உள்ள ரூபின் வானாய்வகத்தின் கேமரா 320 கோடி பிக்சல். ஓர் இரவுக்கு 20 டெராபைட் அளவில், பத்து ஆண்டுகளுக்கு வானத்தைப் படமெடுப்பது திட்டம். இன்றைய வானத்தை நாளை எடுக்க முடியாது. ரத்த மாதிரியைப் போல உறைபெட்டியில் வைக்கவும் முடியாது. இதை நான் ஒரு சோதனையாகவே வைத்திருக்கிறேன்: மறுபடி எடுக்க முடியாததற்கு முதல் இடம், மறுபடி எடுக்கக் கூடியதற்கு மீதி இடம்.

அளவு பெரிதானால் நகர்த்துவதே ஒரு வேலையாகிவிடும். ஒரு பெட்டாபைட்டை (1,000 டெராபைட்) நொடிக்கு ஒரு ஜிகாபிட் இணைப்பில் அனுப்ப 92 நாள் ஆகும், அதுவும் தடங்கலே இல்லாமல் ஓடினால். கருந்துளையை முதன்முதலில் படமெடுத்த ஈவென்ட் ஹொரைசன் தொலைநோக்கிக் கூட்டமைப்பு 2017 ஏப்ரலில் சேகரித்தது ஏறத்தாழ 5 பெட்டாபைட். டிஸ்க்குகளைப் பெட்டியில் அடுக்கி விமானத்தில்தான் அனுப்பினார்கள். தென் துருவத்தில் பதிந்த டிஸ்க்குகள் குளிர்காலம் முடிந்து விமானம் இறங்கும் வரை அங்கேயே காத்திருந்து, ஆண்டுக் கடைசியில்தான் வந்து சேர்ந்தன. படம் 2019 ஏப்ரலில் வெளியானது. நீங்கள் மேகத்துக்கு (இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் கிளவுட் சேமிப்புக்கு) மாறப் போகிறீர்கள் என்றால், மாதக் கட்டணத்தைப் பார்ப்பதற்கு முன் உங்கள் மொத்த அளவை இணைப்பு வேகத்தால் வகுத்துப் பாருங்கள். திரும்பி வருவதற்கும் அதே கணக்கு.

ஏ.ஐ. எங்கே இடத்தைப் பிடிக்கிறது

மொழி மாதிரிகளுக்கு, அதாவது எழுத்தைப் படித்துப் பதில் எழுதும் ஏ.ஐ.க்கு, டேட்டா மலைபோல வேண்டும் என்று நினைப்பீர்கள். எழுத்தைப் பொறுத்தவரை அப்படி இல்லை. 15 லட்சம் கோடி டோக்கன் (சொல் துண்டு), ஒன்றுக்கு 4 பைட் என்றால் 60 டெராபைட். 20 டெராபைட் டிஸ்க் மூன்றில் அடங்கிவிடும். இடத்தைத் தின்பது படமும் வீடியோவும், அப்புறம் பயிற்சியின் நடுவில் எடுக்கும் செக்பாயின்ட், அதாவது அதுவரை கற்றதன் பிரதி. 7,000 கோடி அளவுருக்கள் (பயிற்சியில் மாறும் எண்கள்) கொண்ட மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான பயிற்சி முறையில் ஒவ்வோர் அளவுருவுக்கும் அதன் மதிப்பு, முழுத் துல்லியப் பிரதி, இரண்டு துணை எண்கள் எல்லாம் சேர்த்து 14 பைட் போகும். ஒரு செக்பாயின்ட் 980 ஜி.பி. மணிக்கு ஒன்று என்று ஒரு மாதம் எடுத்து எதையும் அழிக்காவிட்டால் 700 டெராபைட். கடைசி ஐந்து, பிறகு நாளுக்கு ஒன்று என்று ஒரு விதி வைத்தால் 35 டெராபைட்டில் முடிந்துவிடும்.

ஆனால் நான் நேரில் பார்ப்பது வேறு. ஏ.ஐ. செய்யும் நிறுவனங்களைவிட, செய்யாத நிறுவனங்களில்தான் அது ஸ்டோரேஜை அதிகம் ஊதிப் பெருக்குகிறது. முன்பு "இந்தப் பழைய அழைப்புப் பதிவுகளை அழிக்கலாமா?" என்று கேட்டால் தலையாட்டுவார்கள். இப்போது "பின்னால் பயிற்சிக்கு உதவும், இருக்கட்டும்" என்கிறார்கள். என்ன பயிற்சி, யார் செய்வார், எப்போது? பதில் இருக்காது. பதில் இருந்தால் வையுங்கள். இல்லையென்றால் ஒரு வருடத் தேதி போட்டு வையுங்கள்.

வங்கி, பங்குத் தரகு போன்ற இடங்களில் அளவு பெரிதாக இருக்காது, விதிதான் இறுக்கம். அமெரிக்காவில் 17ஏ-4 என்ற விதி தரகு நிறுவனங்களின் சில பதிவுகளை ஆறு ஆண்டு வைக்கச் சொல்கிறது; திருத்தவோ அழிக்கவோ முடியாத வடிவில், அல்லது ஒவ்வொரு மாற்றமும் தடம் விடும் முறையில். இப்படிப் பூட்டிய இடத்தை நடுவில் யாரும் காலி செய்ய முடியாது. பூட்டும் தேதியைத் தவறாகப் போட்டால் அந்த இடம் போனது போனதுதான்.

கணக்கிலிருந்து டிஸ்க்குக்கு

இப்போது உங்கள் கையில் ஓர் எண் இருக்கும். 1,000 டெராபைட் என்று வைத்துக்கொள்வோம். எட்டு டிஸ்க் டேட்டாவுக்கு இரண்டு டிஸ்க் பாதுகாப்பு என்றால் 1,250. எண்பது சதவீதத்துக்கு மேல் நிரப்பினால் வேகம் படுத்துவிடும், ஆகவே 1,560. இத்தனையும் ஒரு பிரதிக்குத்தான். பேக்கப் தனி, அதில் ஒன்று வேறு கட்டடத்தில். பெட்டியில் 20 டெராபைட் என்று அச்சிட்ட டிஸ்க் பல கணினிகளில் 18.2 என்றுதான் தெரியும். ஒருவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், இன்னொருவர் 1,024ஆல். ஒப்பந்தத்தில் எது என்று எழுதி வாங்குங்கள்.

விற்பவர்கள் "சுருக்கத்தில் நான்கு மடங்கு கிடைக்கும்" என்பார்கள். ஆபீஸ் கோப்புகளிலும் ஒரே மாதிரியான மெய்நிகர் சர்வர்களிலும் நன்றாகவே சுருங்கும். வீடியோ, ஜேபெக் படம், குறியாக்கம் செய்த ஃபைல் எதுவும் சுருங்காது. மேலே சொன்ன துறைகளில் பெருகுவது பெரும்பாலும் இவைதான். நான் ஒன்றுக்கு ஒன்று என்றே போடுவேன்.

பெரிய டிஸ்க் மலிவு, ஆனால் கெட்டுப்போனால் மீட்க நேரம் பிடிக்கும். 20 டெராபைட்டை நொடிக்கு 250 மெகாபைட் வேகத்தில் எழுதினாலே 22 மணி நேரம். வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது அதற்கு மேலும் ஆகும். ஒரே ஒரு டிஸ்க் இழப்பை மட்டும் தாங்கும் அமைப்பை இந்த அளவில் நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

தூங்கும் டேட்டாவுக்கு டேப் (காந்த நாடா) இன்னும் நல்ல தேர்வு. எல்.டி.ஓ. என்ற டேப் வகையின் ஒன்பதாம் தலைமுறையான எல்.டி.ஓ.-9 டேப் ஒன்றில் 18 டெராபைட் போகும். அட்டையில் 45 என்று போட்டிருப்பது சுருங்கினால் கிடைப்பது. வீடியோவுக்கு 18 என்றே எடுங்கள். டேப் முப்பது வருடம் தாங்கும் என்று சொல்வார்கள். அதைப் படிக்கும் இயந்திரமான டிரைவ் தாங்காது. எல்.டி.ஓ.-9 டிரைவ் தனக்கு முந்தைய ஒரு தலைமுறையை மட்டும்தான் படிக்கும்; 2025இல் வந்த எல்.டி.ஓ.-10 டிரைவ் தனக்கு முந்தைய தலைமுறையைக்கூடப் படிப்பதில்லை. ஆகவே பழையதிலிருந்து புதியதற்கு மாற்றும் வேலையை இன்றே செலவுக் கணக்கில் எழுதிவிடுங்கள்.

ஐந்து வருடத்துக்கு ஒரே தடவையில் வாங்காதீர்கள். இரண்டு வருடத்துக்கு வாங்கி, காலி இடம் விட்டு வையுங்கள். பொதுவாக டிஸ்க் விலை இறங்கும். ஆனால் 2011இல் தாய்லாந்து வெள்ளத்தில் தொழிற்சாலைகள் மூழ்கி உலகம் முழுக்கத் தட்டுப்பாடு வந்தபோது, கடைசி நாள் வரை காத்திருந்தவர்கள் தவித்துப் போனார்கள். எழுபது சதவீதம் நிறைந்ததும் அடுத்ததற்கு ஆர்டர் போடுவது என் வழக்கம்.

கடைசியில் ஒரு பக்கத் தாள் ஒன்று தயாரிப்பேன். ஒரு வரிக்கு ஒரு டேட்டா வகை: எங்கே பிறக்கிறது, ஒரு நாளுக்கு எவ்வளவு, எத்தனை நாள், மறுபடி எடுக்க முடியுமா, எத்தனை பிரதி. கடைசிக் கட்டத்தில் அழிக்க அனுமதி கொடுப்பவரின் பெயர். பதவி எழுதினால் ஏற்க மாட்டேன், பெயர்தான் வேண்டும். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் பக்கத்தில் "என்றென்றைக்கும்" என்று எழுதி, பத்து வருடத்துக்கான தொகையைப் பெரிய எழுத்தில் போட்டு நிதிப் பிரிவுக்கு அனுப்புவேன். பெரும்பாலும் அடுத்த வாரத்துக்குள் ஒரு பெயர் வந்துவிடும்.